ரூபாய்க்கு 16 பென்ஸா, 18 பென்ஸா? பணத்தைப் பற்றிய சிந்தனை மாறிய காலம்

ரூபாயின் மதிப்பு இறங்கும் நாட்களில் கைப்பேசிக்கு இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடுகின்றன. சுதந்திரம் கிடைத்தபோது ஒரு டாலர் ஒரு ரூபாய்க்குச் சமமாக இருந்தது என்பது ஒன்று. அம்பேத்கர் எழுதிய நூலைப் பார்த்துத்தான் ரிசர்வ் வங்கியே அமைக்கப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவது தவறு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அம்பேத்கர் எதற்காக வாதாடினார் என்பது அதில் காணாமல் போய்விடுகிறது.

இரண்டு செய்திகளையும் வாசிப்பவர் மனத்தில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: ரூபாய் ஏறினால் நாட்டுக்குப் பெருமை, இறங்கினால் இழுக்கு. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை தலைகீழ். ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொல்லிப் போராடியவர்கள் தேசியத் தலைவர்களும் இந்தியத் தொழிலதிபர்களும். உயர்த்தித்தான் வைப்போம் என்று நின்றது பிரிட்டிஷ் அரசு. 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய்க்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரியை ஒழிக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸாகக் குறைக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

அது ஏன் என்று புரிந்துகொண்டால், இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் பொருளியல் எப்படிப் புரண்டு படுத்தது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் சில சொற்கள்

1. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக ஒரு பவுண்டு 240 பென்ஸ். அன்றைக்கு ரூபாயின் மதிப்பைப் பென்ஸில்தான் சொல்வார்கள். ஒரு ரூபாய் 16 பென்ஸ் என்றால் பவுண்டுக்கு 15 ரூபாய். 18 பென்ஸ் என்றால் பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை (அன்று ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை). பென்ஸ் கூடினால் ரூபாய் வலுக்கிறது, ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும் ரூபாய் குறைகிறது. கட்டுரை முழுவதும் இந்த ஒரு கணக்கு போதும்.

2. தங்கத் திட்டம். நாணயத்தின் மதிப்பைக் குறிப்பிட்ட எடைத் தங்கத்தோடு சட்டப்படி கட்டிப்போடுவது. பிரிட்டனில் அந்தத் தங்க நாணயத்தின் பெயர் சாவரின். நம் நகைக்கடைகளில் இன்றும் புழங்கும் 'சவரன்' அதன் பெயர்தான். சாவரின் நாணயத்தின் எடை 7.988 கிராம், அதுவும் 22 காரட். நாம் 8 கிராமைச் சவரன் என்று எண்ணுவது அதனால்தான். அன்றைய 16 பென்ஸ் கணக்குப்படி ஒரு சவரன் 15 ரூபாய்.

3. தங்க மாற்றுத் திட்டம். உள்நாட்டில் தங்கம் புழங்காது. வெள்ளி நாணயமும் நோட்டும் மட்டுமே புழங்கும். ஆனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கு, தங்கத்தோடு பிணைந்த பவுண்டை அரசு குறிப்பிட்ட விகிதத்தில் கொடுக்கும்.

4. பணத்தின் அளவுக் கோட்பாடு. அமெரிக்கரான இர்விங் ஃபிஷர் 1911-ல் இதைச் சமன்பாடாக எழுதினார். புழக்கத்தில் உள்ள பணத்தை அது கைமாறும் வேகத்தால் பெருக்கினால், விலைமட்டத்தை விற்பனையாகும் சரக்கின் அளவால் பெருக்கிய தொகை வரும். வேகமும் சரக்கும் சட்டென்று மாறாதவை என்று கொண்டால், பணத்தைக் கூட்டினால் விலை கூடும், குறைத்தால் குறையும்.

இந்த நான்காவது கருத்துக்குள் ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருந்தது. பணம் ஒரு திரை மட்டுமே. விலைகள் எல்லாம் ஒன்றுபோல ஏறினாலும் இறங்கினாலும் திரைக்குப் பின்னால் உள்ள உழைப்பும் விளைச்சலும் மாறப்போவதில்லை என்பது அந்த நம்பிக்கை. 'எல்லாம் ஒன்றுபோல' என்ற சொற்களில்தான் சிக்கல் இருந்தது.

வெள்ளி சரிந்தது, நாணயச்சாலை மூடியது

1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் சுமார் 2 ஷில்லிங். ஜெர்மனி முதலான நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியபோது உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. வெள்ளி நாணயமான ரூபாயும் கூடவே சரிந்து, 1892 வாக்கில் 1 ஷில்லிங் 3 பென்ஸை எட்டியது.

இதனால் அடி வாங்கியது இந்திய அரசின் கணக்கு. லண்டனில் அதிகாரிகளின் ஓய்வூதியம், ரயில்வேக் கடனுக்கு வட்டி, ராணுவச் செலவு என்று ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிப் பவுண்டுக்கு மேல் இந்தியா அனுப்ப வேண்டியிருந்தது. இதற்கு 'ஹோம் சார்ஜஸ்' என்று பெயர். ரூபாய் இறங்க இறங்க, அதே பவுண்டுக்குக் கூடுதல் ரூபாய் வேண்டும். கூடுதல் ரூபாய் என்றால் கூடுதல் வரி.

1893-ல் அரசு ஒரு முடிவெடுத்தது. வெள்ளியைக் கொண்டுவந்தால் யாருக்கும் ரூபாயாக அச்சடித்துத் தரும் வழக்கம் நிறுத்தப்பட்டது. ரூபாய் அரிதாகி, 1898-க்குள் 16 பென்ஸுக்கு ஏறிவிட்டது. அதன் பிறகு ரூபாயின் மதிப்பு அதிலிருந்த வெள்ளியின் மதிப்பைவிட அதிகம். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை லண்டனில் இருந்த இந்தியா மந்திரியின் (இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர்) அலுவலகம், கவுன்சில் உண்டியல்களை விற்றும் நிறுத்தியும் தீர்மானித்தது. லண்டனில் பவுண்டு கொடுத்து வாங்கி, இந்தியாவில் ரூபாயாக மாற்றிக்கொள்ளும் சீட்டுகள்தான் அந்த உண்டியல்கள். தங்க நாணயத்தையே இந்தியாவில் புழக்கத்தில் விடலாம் என்று 1898-ல் அமைந்த ஃபவுலர் குழு சொன்னது நடக்கவில்லை. யாரும் முன்கூட்டித் திட்டமிடாமலேயே தங்க மாற்றுத் திட்டம் உருவாகிவிட்டது.

கீன்ஸ் கண்ட புதுமை

ஜான் மேனார்டு கீன்ஸ் 1906-ல் லண்டன் இந்தியா அலுவலகத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்து, 1908-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியவர். இந்தியாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை. ஆனால் 1913-ல் வெளிவந்த அவருடைய முதல் நூல் இந்திய நாணயத்தைப் பற்றியது.

மற்றவர்கள் குளறுபடி என்று பார்த்ததைக் கீன்ஸ் எதிர்காலத்துக்கான வழியாகப் பார்த்தார். ரூபாய் என்பது வெள்ளியில் அச்சடித்த நோட்டு என்றார். மக்கள் கையில் தங்கத்தைப் புழங்க விடுவது வீண் செலவு; கையிருப்பை ஓரிடத்தில் வைத்து, தேவைக்கேற்பப் பணத்தைக் கூட்டிக் குறைத்து நிர்வகிப்பதே சிறந்தது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் உறுப்பினராக, இந்தியாவுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்றும் குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் உலகம் 'நிர்வகிக்கப்படும் பணம்' என்று அறிந்த கருத்து, கீன்ஸிடம் நம் ரூபாயை ஆராய்ந்தபோதுதான் முளைவிட்டது. பொருளியல் வரலாற்று நூல்கள் பல இதை ஓரிரு வரிகளில் கடந்துபோய்விடுவது வருத்தமான விஷயம்.

அம்பேத்கரின் மறுப்பு

பத்தாண்டு கழித்து, 1923-ல், லண்டன் பொருளியல் பள்ளியின் ஆய்வு மாணவராக இருந்த பி.ஆர். அம்பேத்கர் 'ரூபாயின் பிரச்சினை' என்ற ஆய்வை நூலாக வெளியிட்டார். கீன்ஸின் நிலைப்பாட்டை நேருக்கு நேர் மறுத்த நூல் அது. அணிந்துரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், இவருடைய வாதங்கள் பலவற்றை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தான் தவறென்று கருதும் இடத்திலும் இவரிடம் ஒரு புதுமை இருக்கிறது என்று பாராட்டினார்.

அம்பேத்கரின் வாதத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

1. பவுண்டுக்கு இத்தனை ரூபாய் என்ற விகிதத்தை நிலைநிறுத்திவிட்டால் ரூபாய் நிலைத்துவிட்டதாக அரசு நினைக்கிறது. கூலி வாங்குபவருக்கு வேண்டியது, அந்த ரூபாய்க்கு எத்தனைப் படி தானியம் கிடைக்கும் என்பது. ரூபாயின் வாங்கும் சக்தி நிலைக்காமல் ரூபாய் நிலைக்காது.

2. தங்க மாற்றுத் திட்டத்தில் அரசு எவ்வளவு ரூபாய் வேண்டுமானாலும் வெளியிடலாம். கடிவாளம் கிடையாது.

3. ரூபாய் இறங்கினால் ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் லாபத்தை வெளிநாட்டிலிருந்து வந்த வரவு என்று எண்ணுவது மயக்கம். உள்நாட்டில் விலை ஏறுகிறது, கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஆகவே அந்த லாபத்தில் பெரும்பகுதி கூலிக்காரரின் பையிலிருந்து வந்தது.

4. தீர்வு: ரூபாய் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டுத் தங்க நாணயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரசு நினைத்தபடி அளவை மாற்ற முடியாத பணம் வேண்டும்.

மூன்றாவது கருத்தில் சற்று நிற்க வேண்டும். விலைகள் ஒன்றுபோல மாறுவதில்லை. சரக்கின் விலை முன்னே ஓட, கூலி பின்னே நடக்கிறது. அப்படியானால் பணம் வெறும் திரையாக இருக்க முடியாது. ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் போடும் கையாகவும் அது இருக்கிறது.

அதே 1923-ல் கீன்ஸும் பணச் சீர்திருத்தம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். போருக்குப் பின் ஜெர்மனியில் பணவீக்கமும் பிரிட்டனில் பணவாட்டமும் ஆட்டிவைத்த நேரம். செலாவணி விகிதத்தைக் காப்பதா, உள்நாட்டு விலைமட்டத்தைக் காப்பதா என்ற கேள்வி வந்தால் விலைமட்டத்தையே காக்க வேண்டும் என்றார். தங்கத் திட்டத்தைக் காட்டுமிராண்டிக் காலத்து மிச்சம் என்றார். விலை ஏறுவது அநியாயம், இறங்குவதோ வேலையைப் பறிப்பதால் அதைவிட மோசம் என்று எடைபோட்டார்.

வாங்கும் சக்திதான் முக்கியம் என்பதில் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்று. மருந்தில் எதிரெதிர். பணத்தை நிர்வகிக்கும் அறிவாளிகளைக் கீன்ஸ் நம்பினார். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஓர் அந்நிய அரசின் கையில் அந்த அதிகாரத்தை ஒப்படைக்க அம்பேத்கர் தயாராக இல்லை. என் கணிப்பில், தங்கத்தின் மீது அம்பேத்கர் வைத்த நம்பிக்கை பிறகு நடந்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. அரசின் மீது அவர் வைத்த ஐயமோ அடுத்த எட்டு ஆண்டுகளில் எழுத்துக்கு எழுத்து உண்மையானது.

16-ஆ, 18-ஆ?

முதல் உலகப் போரில் வெள்ளி விலை எகிறியதால் ரூபாயும் ஏறியது. 1920-ல் அரசு அதை 2 ஷில்லிங் என்று சட்டத்தில் எழுதிவைத்தது. அதைப் பரிந்துரைத்த குழுவின் இந்திய உறுப்பினர் தாதிபா மெர்வான்ஜி தலால் மட்டும் 16 பென்ஸ் போதும் என்று மறுப்பு எழுதினார். சில மாதங்களில் ரூபாய் சரிந்தது. விகிதத்தைத் தாங்கிப் பிடிக்கப் பவுண்டை விற்று விற்றுக் கோடிக்கணக்கான ரூபாயை இழந்த பிறகு அரசு கைவிட்டது.

பின்பு ரூபாய் மெல்ல ஏறி 1925-ல் 18 பென்ஸில் நின்றது. ஹில்டன் யங் தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1926-ல் அதையே நிரந்தரமாக்கப் பரிந்துரைத்தது. பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் ஆணையத்துக்குள் இருந்துகொண்டே மறுப்பறிக்கை எழுதினார். நாடு இரண்டுபட்டது.

இரண்டு பென்ஸுக்கு ஏன் இத்தனை சண்டை? ஒரு பவுண்டு விலைக்குப் பருத்தியோ நிலக்கடலையோ வெளிநாட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. 16 பென்ஸ் விகிதத்தில் விளைவித்தவர் பக்கம் வருவது 15 ரூபாய். 18 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா சொச்சம். ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது.

2. ஆனால் அவர் கட்டும் நிலவரி ரூபாயில். வட்டிக்கடனும் ரூபாயில். இவை இரண்டும் குறையவில்லை.

3. மான்செஸ்டர் துணி இந்தியச் சந்தையில் மலிவாகிறது. பம்பாய், அகமதாபாத் ஆலைகளுக்கு அது நெருக்கடி.

4. ஹோம் சார்ஜஸ் அனுப்பும் அரசுக்கு அதே பவுண்டு குறைந்த ரூபாய்க்குக் கிடைக்கிறது. சம்பளத்தை மிச்சம்பிடித்து ஊருக்கு அனுப்பும் ஆங்கிலேய அதிகாரிக்கும் லாபம்.

5. நிலையான சம்பளத்தில் இருப்பவருக்கும், தானியத்தை விலைக்கு வாங்கி உண்ணும் நகரத் தொழிலாளிக்கும் 18 பென்ஸ் கொஞ்சம் நல்லதுதான். இதைத் தேசியத் தரப்பு அழுத்திச் சொல்லவில்லை.

ஆணையத்தின் பதில், விலைகளும் கூலியும் ஏற்கெனவே 18 பென்ஸுக்குப் பழகிவிட்டன என்பது. தாக்கூர்தாஸ், பழகவில்லை, இனிமேல்தான் வலிக்கப் போகிறது என்றார். ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் காசல் போர்க்காலத்தில் முன்வைத்த வாங்கும் சக்திச் சமநிலைக் கோட்பாடுதான் இந்த வாதத்துக்கு அடித்தளம். இரு நாடுகளின் விலைமட்டங்களை ஒப்பிட்டுத்தான் சரியான விகிதத்தைச் சொல்ல முடியும் என்றது அது. எந்த ஆண்டை அடிப்படையாக வைத்து ஒப்பிடுவது என்பதில் விடை மாறிப்போகும்.

1927-ல் மத்திய சட்டசபையில் 18 பென்ஸ் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

லண்டனில் அதே தவறு

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1925 ஏப்ரலில், நிதியமைச்சர் சர்ச்சில் பவுண்டைப் போருக்கு முந்தைய 4.86 டாலர் விகிதத்தில் தங்கத்தோடு மறுபடி கட்டியிருந்தார். இது சுமார் பத்து சதவீதம் அதிகம் என்றார் கீன்ஸ். அந்தப் பத்து சதவீதத்தை ஈடுகட்ட எல்லோருடைய கூலியையும் குறைத்தாக வேண்டும். ஒரே நாளில் எல்லோருக்கும் குறைக்க வழியில்லாததால் நலிந்தவர் தலையில்தான் முதலில் விழும் என்று எழுதினார். விழுந்தது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தலையில். 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தம் அவர்கள் பிரச்சினையிலிருந்து கிளம்பியதுதான்.

1936-ல் கீன்ஸ் எழுதிய பொதுக் கோட்பாட்டு நூலின் விதைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. கூலி எளிதில் இறங்காது. வலிந்து இறக்கினாலும் வாங்குபவர் கையில் காசு குறைந்து வேலையில்லாத் திண்டாட்டம் தீராது.

1931: வீட்டுத் தங்கம் கப்பலேறியது

1929-ல் தொடங்கிய பெருமந்தத்தில், 1933-க்குள் இந்திய விளைபொருள் விலைகள் ஏறத்தாழப் பாதியாயின. 1931 செப்டம்பர் 21-ல் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாயைப் பவுண்டிலிருந்து அவிழ்த்துவிடலாம் என்று டெல்லியில் வைஸ்ராய் வில்லிங்டனும் நிதி உறுப்பினர் ஷூஸ்டரும் விரும்பினார்கள். பதவி விலகுவோம் என்று கூடச் சொல்லிப் பார்த்தார்கள். லண்டன் அசையவில்லை. ரூபாய் 18 பென்ஸிலேயே பவுண்டோடு கட்டப்பட்டது. அம்பேத்கர் அஞ்சியது இதைத்தான்: இந்தியாவின் பணத்தைப் பற்றிய கடைசிச் சொல் இந்தியாவில் இல்லை.

பவுண்டு தங்கத்துக்கு எதிராக இறங்கியபோது ரூபாயும் இறங்கியது. தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. தோலா (சுமார் 11.66 கிராம்) 21 ரூபாயாக இருந்த தங்கம் சில மாதங்களில் 30 ரூபாயைத் தொட்டது. நெல்லும் பருத்தியும் விலைபோகாத வீடுகளில் விற்பதற்கு மிஞ்சியிருந்தது பெண்களின் நகைதான். ஊர்ப் பத்தரிடமும் வட்டிக்கடைக்காரரிடமும் போன தங்கம் பம்பாய் வழியாக லண்டனுக்குக் கப்பலேறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெளியேறிய தங்கத்தின் மதிப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல். அரசு இதை லாப விற்பனை என்றது. வரி கட்டவும் வட்டி கட்டவும் கழற்றிக் கொடுத்த வளையலுக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஃபிஷர் கண்ட கடன் சுழல்

பணத்தின் அளவுச் சமன்பாட்டை எழுதிய ஃபிஷரே 1933-ல் தம் பழைய எண்ணத்தைத் தாண்டி வந்தார். விலை இறங்கும்போது கடன் எப்படிக் கனக்கிறது என்பதை விளக்கினார். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: நெல் மூட்டை 6 ரூபாய் விற்றபோது ஒருவர் 300 ரூபாய் கடன் வாங்கினால், அது 50 மூட்டைக் கடன். மூட்டை 3 ரூபாயானால் அதே கடன் 100 மூட்டை. அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க, விலை இன்னும் சரிகிறது. கட்டக் கட்டக் கடன் வளர்கிறது.

அமெரிக்காவை மனத்தில் வைத்து அவர் எழுதிய இந்தச் சுழல் ஐராவதி ஆற்றுப் படுகையில் அப்படியே நடந்தது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி, புழங்கியதும் ரூபாய்தான். நெல் விலை விழுந்ததும் பர்மிய விவசாயிகளால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1937-ல் நான்கில் ஒரு பங்கு. நிலம் இழந்தவர் கோபம் கண்ணுக்குத் தெரிந்த செட்டியார் மீது திரும்பியது. செட்டியாருக்கும் இதில் மகிழ்ச்சியில்லை. வட்டிக்குச் சுழல வேண்டிய பணம், விற்க முடியாத வயலாக உறைந்துகிடந்தது. விகிதத்தை முடிவு செய்தவர்களை இருவரும் பார்த்ததேயில்லை.

சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்ததும் இதே சுமையை இறக்கத்தான். பழைய கடன்களின் வட்டி பாக்கியைத் தள்ளுபடி செய்து அசலையே கணக்காக்கியது அது. ஃபிஷர் கட்டுரையாக எழுதியதைத் தஞ்சாவூர் விவசாயிகள் ஏற்கெனவே அனுபவித்திருந்தார்கள்.

அந்த இரண்டு செய்திகளுக்கு விடை

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. மத்திய வங்கி வேண்டும் என்ற கருத்து 1914-லேயே கீன்ஸின் குறிப்பில் இருக்கிறது; முறையான பரிந்துரை 1926-ல் ஹில்டன் யங் ஆணையத்தினுடையது. அந்த ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர்களில் அம்பேத்கரும் ஒருவர். அவருடைய நூல் ரிசர்வ் வங்கிக்கான வரைபடம் அல்ல. பணத்தை ஆள்பவர் கையைக் கட்ட வேண்டும், விகிதத்தைவிட வாங்கும் சக்தியைப் பார்க்க வேண்டும் என்ற வாதம் அது. அவரை வங்கியின் கொத்தனாராகக் காட்டுவதைவிட அந்த வாதத்தை எடுத்துச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

புதிய வங்கிக்குச் சட்டம் விதித்த முதற்கடமைகளில் ஒன்று அந்த 18 பென்ஸைக் காப்பது. 1947 ஆகஸ்டிலும் விகிதம் அதுவே: பவுண்டுக்கு 13.33 ரூபாய். அன்று ஒரு பவுண்டு 4.03 டாலர். வகுத்தால் ஒரு டாலருக்கு சுமார் 3 ரூபாய் 30 காசு. 1949-ல் பவுண்டின் மதிப்பு 2.80 டாலராகக் குறைக்கப்பட்டபோது ரூபாயும் கூடவே இறங்கி, டாலர் 4.76 ரூபாயானது, பவுண்டுக்கு 13.33 மட்டும் மாறவில்லை. காந்தி குறைக்கச் சொன்ன அந்த விகிதம், அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1966 ஜூன் 6-ல் பவுண்டுக்கு 21 ரூபாய் என்று ஆனபோதுதான் முடிவுக்கு வந்தது.